நாற்பது பல் பூண்டும் ஒரு சொல்லும்

கதைக்கு விமரிசனம் எழுதுகிறோம், கவிதைக்கு எழுதுகிறோம், நாடகத்துக்கும் கச்சேரிக்கும் எழுதுகிறோம். சமையல் குறிப்புக்கு மட்டும் யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. அதுவும் எழுத்துத்தான். சொல்லப்போனால், எழுதியது சரியா தப்பா என்பது அன்று இரவுக்குள் தெரிந்துவிடுகிற எழுத்து அது ஒன்றுதான். ஒரு மோசமான நாவலைப் படித்து முடித்தவன், 'நமக்குத்தான் புரியவில்லையோ' என்று தயங்கிக்கொண்டே பல வருஷம் இருந்துவிடலாம். மோசமான குறிப்பை நம்பிச் சமைத்தவனுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அவன் நாக்கே சாட்சி.

நான் சமையல் நிபுணன் அல்ல. கதை எழுதுகிறவன். ஆனால் எழுத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற கேள்வி என் தொழிலைச் சேர்ந்தது. அந்தக் கேள்விக்கு, இத்தனை வருஷம் படித்த இலக்கியப் புத்தகங்களைவிட ஒரு கோழிக்கறி எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லிற்று. அதனால் இதை எழுதுகிறேன்.

பதார்த்தத்தின் பெயர் 'நாற்பது பல் பூண்டுக் கோழி'. பிரான்சு தேசத்தின் தெற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டிக் கிடக்கிற புரோவான்ஸ் பிரதேசத்துப் பண்டம். ஒரு பத்திரிகையின் பெண்கள் பகுதியில் அதைப் பற்றி ஏழெட்டு வரிகளில் தமிழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கோழி ஒன்று, பூண்டு நாற்பது பல், ஆலிவ் எண்ணெய், வாசனை இலைகள், உப்பு, மிளகு. எண்ணெயில் பூண்டைப் போட்டு, கோழியைச் சேர்த்து, மூடி வேகவிடவும். இவ்வளவுதான். படிக்கக் கச்சிதமாக இருந்தது. கச்சிதத்தைக் கண்டால் மயங்குகிற குணம் எனக்கு உண்டு.

என் அக்கா இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து ஒரு வாரம் இருப்பாள். வந்த மறுநாளே அடுப்பங்கரையைத் தன் வசம் எடுத்துக்கொண்டுவிடுவாள். இந்தத் தடவை ஒரு வேளையாவது அவளை உட்கார்த்தி வைத்து நான் சமைத்துப் போட வேண்டும் என்று ஆசை. நம் ஊர்ச் சமையல் எதைச் செய்தாலும் அவள் கைக்கு முன்னால் எடுபடாது. அவளுக்குத் தெரியாத ஒன்றைச் செய்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

நாற்பது பல் பூண்டை உட்கார்ந்து உரித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நகக்கண் எரிந்தது. உரித்த பூண்டை நம் வீட்டு வழக்கப்படி அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். எண்ணெய் காய்ந்ததும் போட்டு வதக்கினேன். முதல் இரண்டு நிமிஷம் தெருக்கோடி வரையில் மணத்தது. மூன்றாவது நிமிஷம் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. அவசரமாகக் கோழியைப் போட்டு மூடினேன். முக்கால் மணி கழித்துத் திறந்தபோது, கோழி வெந்திருந்தது. பூண்டு பாதி கருகிக் கசந்தும், பாதி பச்சை வாடை போகாமல் காட்டமாகவும் இருந்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டாள். பிறகு மோர் சாதம் கேட்டாள். அவள் குறை சொல்லியிருந்தால் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

அன்று இரவு பிரெஞ்சுக்காரர்களின் ரசனையைப் பற்றி மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். எதிலும் மிகை, அலங்காரம், ஆர்ப்பாட்டம் என்று. ஒரு கோழிக்கு நாற்பது பல் போடுகிறவர்களிடம் அளவு என்பதை எப்படி எதிர்பார்ப்பது என்று. தவறான தீர்ப்பு அது என்று தெரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

புரோவான்ஸில் இதைச் செய்கிற விதம் இது. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி. முழுதாகவும் வைப்பார்கள், துண்டு போட்டும் வைப்பார்கள். கனமான, மூடியுள்ள பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெய் தாராளமாக. தைம், ரோஸ்மேரி, நம் பிரிஞ்சி இலைக்கு ஒன்றுவிட்ட உறவான லாரெல் இலை. அப்புறம் பூண்டு. மூன்று நாலு முழுப் பூண்டைப் பல் பல்லாக உதிர்த்து, உரிக்காமல், தோலோடு, நசுக்காமல் அப்படியே போடுகிறார்கள். மைதா மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டி, ஆவி வெளியே போகாமல் அடைக்கிறார்கள். நாம் பிரியாணிக்குத் தம் போடுகிறோமே, அதே காரியம். மிதமான சூட்டில், ஒன்றரை மணிக்குக் குறையாமல், கோழி தன் சாற்றிலேயே வேகிறது. இடையில் திறந்து பார்ப்பதற்கில்லை. சாப்பாட்டு மேஜைக்கு வந்த பிறகுதான், எல்லோர் முன்னிலையிலும் மாவை உடைத்து மூடியைத் திறக்கிறார்கள். அந்த ஆவிக்காகவே பாதிப் பேர் காத்திருப்பார்கள்.

உள்ளே இருக்கிற பூண்டு நாம் அறிந்த பூண்டு அல்ல. வாட்டிய ரொட்டித் துண்டின் மேல் ஒரு பல்லை வைத்து விரலால் அழுத்தினால், வெண்ணெய் போல ஒன்று தோலிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறது. அதை ரொட்டியில் தடவிக் கோழியோடு சாப்பிடுகிறார்கள். இனிப்பாக இருக்கிறது. காட்டம் இல்லை, நெடி இல்லை. ஒருவர் பத்துப் பல் சாப்பிடலாம்.

இத்தனைக்கும் அந்தப் பிரதேசத்தார் காட்டமான பூண்டை அறியாதவர்கள் அல்ல. அவர்களுடைய 'அயோலி' என்ற துவையல், பச்சைப் பூண்டைக் கல்லுரலில் நசுக்கி, முட்டையின் மஞ்சள் கருவும் ஆலிவ் எண்ணெயும் விட்டு அரைப்பது. நாக்கில் சுரீர் என்று ஏறும். 1904ல் நோபல் பரிசு பெற்ற புரோவான்ஸ் மொழிக் கவி மிஸ்த்ரால், 1891ல் தாம் ஆரம்பித்த பத்திரிகைக்கே 'அயோலி' என்று பெயர் வைத்தார். தன் மொழியையும் தன் மண்ணையும் பற்றி ஒரு கவிக்கு இருந்த பெருமையை அந்தத் துவையலின் பெயர் தாங்க முடிந்தது. அதே மண், அதே பூண்டு, அதே எண்ணெய். ஒன்று நெருப்பு, மற்றொன்று வெண்ணெய். வித்தியாசம் நசுக்குவதில் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை.

இதன் காரணத்தை ரசாயன சாஸ்திரம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முழுப் பல்லுக்குள் காட்டம் என்று ஒன்று தயாராக இல்லை. அலீன் என்ற பொருளும், அதை மாற்றக்கூடிய ஒரு என்ஸைமும் பல்லுக்குள் தனித்தனி அறைகளில் சும்மா இருக்கின்றன. நசுக்கும்போது, நறுக்கும்போது, கடிக்கும்போது அறைச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அந்தக் கணத்தில்தான் அல்லிசின் என்ற காட்டமான சரக்கு பிறக்கிறது. காவலிட்டோ, பெய்லி என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1944ல் இந்த அல்லிசினைப் பிரித்து எடுத்தார்கள். பல்லை உடைக்காமல் சூட்டில் வைத்தால், கலப்பதற்கு முன்பே என்ஸைம் செயலிழந்துவிடுகிறது. பிறகு நிதானமான சூட்டில் பல் மெல்லக் குழைந்து இனிப்பாக மாறுகிறது. தோல் அதைக் கருகாமலும் கரையாமலும் காக்கிறது. உரித்து முழுப் பல்லாகப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் மிருதுவாகத்தான் வரும், சாற்றில் கொஞ்சம் கரைந்துபோகும். ஆனால் தட்டிப் போட்டால் கதை முடிந்தது. நான் தட்டிப் போட்டேன்.

இப்போது அந்தப் பத்திரிகைக் குறிப்புக்கு வருகிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. கோழி, பூண்டு, எண்ணெய், மூடி எல்லாம் இருந்தன. 'தோலோடு' என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. அதை விட்டவருக்கு அது ஒரு சின்ன விவரமாகத் தோன்றியிருக்கும். இடம் போதவில்லை, எதையாவது எடுக்க வேண்டும். நாற்பதை எடுக்க முடியாது, அதுதான் தலைப்பு, அதுதான் வாசகரைத் திரும்பிப் பார்க்க வைப்பது. தோலை எடுத்துவிட்டார். பதார்த்தத்தின் உயிர் எதில் இருந்ததோ அதை எடுத்துவிட்டு, எது வெறும் பெயரோ அதை வைத்துக்கொண்டார். உண்மையில் நாற்பது ஒரு கணக்கே அல்ல. முப்பத்தைந்து போட்டாலும் ஐம்பது போட்டாலும் பெரிய பேதம் தெரியாது. தோலையும் நசுக்காத முழுப் பல்லையும் பற்றித்தான் பேரம் கிடையாது. ஒரு வகையில் இந்தப் பண்டத்துக்குப் பெயர் வைத்தவர்களும் குற்றவாளிகளே. பெயர் மிரட்டுகிறது, எதனால் மிரள வேண்டாம் என்பதை அது சொல்லவில்லை.

எழுதுகிறவன் ஓர் இடத்தைக் காலியாக விட்டால் அது காலியாக இருப்பதில்லை. வாசகனுடைய பழக்கம் வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது. பூண்டு என்றால் உரிப்பது, உரித்தால் தட்டுவது என்பது நம் கைப்பழக்கம். புரோவான்ஸ் பாட்டி ஒருத்திக்கு அந்த ஏழெட்டு வரியே போதும். அவளுடைய பழக்கம் சரியான இடத்தில் வந்து உட்காரும். எனக்குப் போதவில்லை. ஆகவே சுருக்கம் என்பது எழுத்துக்குத் தனியாக உள்ள ஒரு குணம் அல்ல. யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே அது குணமோ குற்றமோ ஆகிறது.

மூன்று பேரை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதல்வர் எஸ்காஃபியே. 1846ல் நீஸ் நகருக்குப் பக்கத்தில் வில்னேவ்-லூபே கிராமத்தில் பிறந்த புரோவான்ஸ்காரர். 1903ல் வெளிவந்த அவருடைய பிரசித்தி பெற்ற சமையல் வழிகாட்டியில் ஆயிரக்கணக்கான குறிப்புகள். பலவும் நாலைந்து வரிதான். ஒரு குழம்பின் பெயரைச் சொல்லி 'அதைச் சேர்' என்பார். அந்தக் குழம்பு வேறொரு பக்கத்தில் இருக்கும். வீட்டில் சமைக்கிறவருக்கு அது புதிர். ஆனால் அவர் எழுதியது தொழில்முறைச் சமையற்காரர்களுக்கு. கை பழகியவனுக்கு ஞாபகமூட்டல் போதும். அவருடைய சுருக்கம் நியாயமான சுருக்கம். அவர் முட்டை செய்யும்போது கத்தி நுனியில் ஒரு பல் பூண்டைக் குத்தி, அந்தக் கத்தியால் கிளறுவார் என்று ஒரு கதை உண்டு. அது நிஜமோ கற்பனையோ, ஒரு பல்லை அப்படி ஆளத் தெரிந்தவருக்கு நாற்பதைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாமவர் எலிஸபெத் டேவிட் என்ற இங்கிலீஷ் மாது. மத்தியதரைக் கடல் நாட்டு உணவுகளைப் பற்றி 1950ல் அவர் ஒரு புத்தகம் போட்டார். அப்போது இங்கிலாந்தில் ரேஷன் தீரவில்லை. 1954 வரையில் தீரவில்லை. ஆலிவ் எண்ணெயை மருந்துக்கடையில் சின்னச் சீசாவில் வாங்குகிற காலம். அந்த வாசகர்களிடம் அவர் பூண்டையும் எண்ணெயையும் எலுமிச்சையையும் பற்றிப் பேசினார். அளவுகளை அடிக்கடி நம் கைக்கே விட்டுவிடுவார். அவரைப் படித்தால் சமைக்க வருமோ வராதோ, பசி நிச்சயம் வரும். இலக்கியத்துக்குப் பக்கத்தில் வருகிற எழுத்து என்றே சொல்வேன். ஆனால் பூண்டு விஷயத்தில் எங்கே கறாராக இருக்க வேண்டுமோ அங்கே அவர் கறார்தான். பூண்டைப் பிழிகிற கருவி சுத்த உபயோகமற்றது என்று தலைப்பிலேயே சொல்லி, அதற்காகவே ஒரு தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். பூண்டில் எது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாமவர் ஜூலியா சைல்ட். இரண்டு பிரெஞ்சு மாதர்களோடு சேர்ந்து 1961ல் அமெரிக்கர்களுக்காகப் பிரெஞ்சுச் சமையலைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் பூண்டு சேர்த்த உருளைக்கிழங்கு மசியல் ஒன்று வருகிறது. இரண்டு முழுப் பூண்டு, சுமார் 30 பல். இந்த மாதிரிச் செய்து பழகாதவர்களுக்கு இந்த அளவு பயங்கரமாகத்தான் தோன்றும் என்று அவரே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறார். பிறகுதான் மெதுவாக வேகும்போது காட்டம் போய்விடும் என்று தைரியம் சொல்கிறார். இதைத்தான் நான் பெரிய காரியம் என்கிறேன். வாசகர் எந்த இடத்தில் பயப்படுவார், எந்த இடத்தில் தன்னிஷ்டமாக அளவைக் குறைப்பார் என்று ஊகித்து, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு கையைப் பிடிக்கிறார். நாவலாசிரியர்களுக்கே இந்த ஊகம் அபூர்வம்.

ஜூலியா சைல்டிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் பக்கம் பக்கமாகப் போகிறது; கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்றுகூடச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நீளம் தன்னளவில் சிரத்தை ஆகாது. பயனில்லாத நூறு விவரங்களுக்கு நடுவே பயனுள்ள ஒன்றைப் புதைத்து வைப்பவனும், அதை எழுதாமலே விட்டவனும் வாசகனுக்கு ஒரே தீங்கைத்தான் செய்கிறார்கள். ரசனையில் எனக்கு டேவிட்தான் உயர்ந்தவர். ஆனால் என் அக்காவுக்கு முன்னால் மானத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியவர் சைல்ட். விமரிசகன் இந்த இரண்டையும் தனித்தனியே சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

குறிப்பைச் சுருக்கிய அந்த உதவி ஆசிரியரை நான் இவ்வளவு நேரம் பழித்துவிட்டேன். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தபோது, நண்பர் ஒருவரின் சிறுகதை வந்தது. மகன் கோபித்துக்கொண்டு போய்விட்ட ஒரு கிழவரைப் பற்றியது. பக்கத்தில் இரண்டு வரி கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் தேடிப் பார்த்து, நடுவில் கிடந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டேன். இரவில் படுக்கப் போகிற கிழவர் கதவுக்குத் தாழ் போடவில்லை என்பது அந்த வாக்கியம். சும்மா கிடக்கிற விவரம் என்று நினைத்தேன். கடைசியில் மகன் நடுநிசியில் திரும்பி வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே வந்து திண்டாடி நிற்கிறான். கதை அவ்வளவுதான். தாழ் போடாத கதவு இல்லாமல் அந்தக் கடைசியில் ஒன்றுமே இல்லை. 'மகன் எப்படி உள்ளே வந்தான்? ஆசிரியர் கவனிக்கவில்லையா?' என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் பிரசுரித்தோம். நண்பர் அதன் பிறகு எங்களுக்குக் கதை அனுப்பவில்லை. எனக்கும் கடிதம் எழுதவில்லை. பக்கக் கணக்கு என்று அப்போது என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பல வருஷம் கழித்து அவருடைய தொகுதி வந்தது. வாங்கிப் பிரித்ததும் அந்தப் பக்கத்தைத்தான் தேடினேன். அந்த வாக்கியம் தன் இடத்தில் இருந்தது. அவருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதவில்லை. கிழவர் எதற்காகத் தாழ் போடவில்லை என்பதைக் கதையின் ஆசிரியன் அறிவான். சுருக்குகிறவன் அறிவதில்லை, அறிந்துகொள்ள முயலவும் இல்லை. இதை அவர் படிக்க நேர்ந்தால், எழுதாமல் விட்ட கடிதமாக இதை எடுத்துக்கொள்ளட்டும்.

அக்கா மறுபடி வந்தபோது மறுபடி செய்தேன். வீட்டில் அவன் அடுப்பு இல்லை. கனமான பாத்திரத்தில், மாவால் மூடியை ஒட்டி, சின்னத் தணலில் வைத்தேன். தைம் கிடைத்தது, மற்ற இலைகளுக்கு இருப்பதைப் போட்டேன். பூண்டைத் தோலோடு போட்டபோது அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உரிக்காமலா போடறே?" என்றாள்.

"ஆமாம் அக்கா."

போன தடவையை மனசில் வைத்துக்கொண்டு மேலே ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

சாப்பிடும்போது ஒரு பல்லை நான் அழுத்திக் காட்டினேன். அவள் அதை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "பெரியவன் பிறந்தப்போ அம்மா பாலிலே வேகவைச்சுக் குடுப்பாளே, அந்தப் பூண்டுடா இது" என்றாள். முழுப் பல்லைப் பாலில் போட்டு, குழையக் குழைய வேகவைத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அம்மா அதைத் தட்டிப் போட்டதில்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்டதுமில்லை. பக்கத்திலேயே இருந்த விஷயத்தை நான் புரோவான்ஸ் வரையில் போய் விசாரித்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது எழுதிக் கொடு என்றாள். எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் 'தோலோடு' என்ற சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை சொன்னாப் போதாதாடா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் போதும்தான். ஆனால் அந்தக் காகிதம் அவளிடமிருந்து யார் யார் கைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றையும் அடிக்காமல் அப்படியே விட்டேன்.